29ஆம் பிரிவு சுதந்திரச் சட்டத்திலா இருந்தது?

கொக்கட்டிச்சோலையிலிருந்து ஒரு தாய்:
மகள் ஏஎல்லுக்கு அரசியல் விஞ்ஞானம் படிக்கிறாள். சிறுபான்மையினரைப் பாதுகாத்த 29ஆம் பிரிவு 1947ஆம் ஆண்டு இலங்கைச் சுதந்திரச் சட்டத்தில் இருந்தது என்று கொப்பியில் எழுதி வைத்திருக்கிறாள். நான் படித்த காலத்தில் அது சோல்பரி அரசியல் யாப்பில் என்றுதான் ஞாபகம். இரண்டும் ஒன்றா? தெரிந்தவர்கள் ஒள்ளுப்பம் விளக்குங்கள். வெள்ளிக்கிழமை அவளுக்குப் பரீட்சை.

களுவாஞ்சிக்குடி, ஓய்வுபெற்ற ஆசிரியர்:
தங்கச்சி, உங்கள் ஞாபகம்தான் சரி. கொப்பியைத் திருத்தச் சொல்லுங்கள்.

இரண்டும் வேறு வேறு. 29ஆம் பிரிவு 1946 மே 15இல் பிரித்தானிய மன்னரின் அரசவை பிறப்பித்த கட்டளையில் இருந்தது. சோல்பரி யாப்பு என்பது அதைத்தான். சுதந்திரச் சட்டம் பிரித்தானியப் பாராளுமன்றம் நிறைவேற்றியது. 1947 டிசம்பர் 10இல் மன்னரின் ஒப்புதல் கிடைத்தது. மறுகா, அதே மாதம் 19ஆம் திகதி இன்னொரு கட்டளை வந்து, பாதுகாப்பிலும் வெளிவிவகாரத்திலும் ஒதுக்கி வைத்திருந்த அதிகாரங்களை நீக்கியது.

நான் வகுப்பில் சுதந்திரச் சட்டத்தின் பிரதியை மேசையில் விரித்து வைத்துத்தான் படிப்பிப்பேன். சின்னச் சட்டம். முதலில் அதன் நீண்ட தலைப்பைப் பிள்ளைகளைக் கொண்டு வாசிக்க வைப்பேன். அதில் சுதந்திரம் என்ற சொல்லே கிடையாது! பொதுநலவாயத்துக்குள் 'முழுப் பொறுப்புள்ள நிலை' என்றுதான் இருக்கும். அடுத்து முதலாம் பிரிவுக்குப் பென்சிலால் கோடு போடச் சொல்வேன். 1948 பெப்ரவரி 4இலிருந்து, இலங்கை கேட்டுச் சம்மதித்தால் ஒழிய பிரித்தானியப் பாராளுமன்றத்தின் புதிய சட்டம் எதுவும் இங்கே செல்லாது. இலங்கையின் ஆட்சிக்கு பிரித்தானிய அரசு பொறுப்பும் இல்லை. யார் இந்த நாட்டுக்குச் சட்டம் செய்யலாம் என்பதை அது சொல்கிறது. நாட்டுக்குள்ளே தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் என்ன காப்பு என்பதற்கு அதில் ஒரு வரி இல்லை. நாற்பது வயதில் இதை முதன்முதலாக வாசித்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது. நம் பிள்ளைகளுக்கு இது தெரியாமல் போகக்கூடாது.

கல்முனை, சட்டத்தரணி:
சேர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஒரு சமூகத்துக்கோ மதத்துக்கோ மட்டும் பாதகமோ சலுகையோ தரும் சட்டம் செய்யக்கூடாது என்றது 29(2). அதற்கு நீதிமன்றத்தில் நேர்ந்ததையும் மகள் படிக்க வேண்டும். 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழர் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. அதை எதிர்த்த வழக்கு, அப்போது நமக்கு இறுதி மேன்முறையீட்டு நீதிமன்றமாக இருந்த லண்டன் கோமறைக் கழகம் (பிரிவி கவுன்சில்) வரை போய், 1953இல் தோற்றது. 1964இல் ரணசிங்க வழக்கு என்ற இன்னொரு வழக்கில் அதே கழகம் 29(2)ஐ மாற்றவே முடியாதது என்று சொன்னது. ஆனால் 1971இல் அங்கே மேன்முறையீடு போகும் வழியை மூடினார்கள். 1972 மே 22இல் குடியரசு யாப்பு வந்தபோது 29ஆம் பிரிவும் போய்விட்டது. பாராளுமன்றத்துக்கு வெளியே நவரங்கஹலவில் அரசியல் நிர்ணய சபை கூடி அந்த யாப்பைச் செய்தது. பழைய யாப்பின் திருத்தமாக அதைக் கொண்டுவரவில்லை.

கொக்கட்டிச்சோலையிலிருந்து ஒரு தாய்:
சேர், மிக்க நன்றி. மகள் அந்த வரியைச் சிவப்புப் பேனையால் வெட்டிவிட்டுப் புதிதாக எழுதிவிட்டாள். இப்போது அடுத்த கேள்வி: பொறுப்பு இல்லை என்று எழுதிக் கொடுத்த பிறகும் திருகோணமலையில் வெள்ளைக்காரக் கடற்படை எப்படி இருந்தது?

களுவாஞ்சிக்குடி, ஓய்வுபெற்ற ஆசிரியர்:
நல்ல கேள்வி, மகளிடம் சொல்லுங்கள். சட்டம் நிறைவேறுவதற்கு முன்பே, 1947 நவம்பர் 11இல், பாதுகாப்பு, வெளிவிவகாரம், அரச உத்தியோகத்தர் பற்றி மூன்று உடன்படிக்கைகளில் கையொப்பம் இட்டிருந்தார்கள். திருகோணமலைத் தளமும் கட்டுநாயக்க விமானத் தளமும் முதலாவது உடன்படிக்கைப்படிதான் அவர்கள் கையில் இருந்தன. 1957இல்தான் கைமாறின.