புதுப்பிப்பு: சர்வதேசச் சட்டமும் வணிகமும் – முதல் பருவத்திற்குப் பின்

ராயபுரத்தில் வசித்து, பாரிமுனையில் ஒரு சுங்க முகவர் அலுவலகத்தில் பணிபுரியும் நான், சர்வதேசச் சட்டமும் வணிகமும் இணைந்த முதுகலைப் படிப்பில் சேரலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். சேர்ந்துவிட்டேன், முதல் பருவம் முடிந்தது.

துறைமுகத்தில் கற்காத எதைக் கல்லூரியில் கற்கப் போகிறீர்கள் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். ஓர் எடுத்துக்காட்டு: சர்வதேசப் பொருள் விற்பனை ஒப்பந்தங்களுக்குப் பொது விதிகளைத் தரும், 1980இல் வியன்னாவில் உருவான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. ஆகவே காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கப்பலேறும் சரக்குக்கான ஒப்பந்தத்தில் எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும் என்று எழுதாவிட்டால், சரக்கைப் பற்றிய தகராறுக்கு முன்பே சட்டத்தைப் பற்றிய தகராறு தொடங்கிவிடும்.

நடுவர் தீர்ப்பு (நீதிமன்றத்துக்கு வெளியே, இரு தரப்பும் ஏற்ற நடுவர் வழங்கும் தீர்ப்பு) குறித்த பாடமே என்னை மிகவும் ஈர்த்தது. வெளிநாட்டு நடுவர் தீர்ப்புகளை நிறைவேற்றுவதற்கான 1958ஆம் ஆண்டு நியூயார்க் உடன்படிக்கையை இந்தியா 1960இல் ஏற்றது உண்மைதான்; ஆனால் நமது 1996ஆம் ஆண்டு நடுவர் தீர்ப்பு, சமரசச் சட்டப்படி, மத்திய அரசு அரசிதழில் அறிவித்துள்ள நாடுகளில் வழங்கப்பட்ட தீர்ப்புகளுக்கே அந்த வழி திறக்கிறது. இதைக் கவனியாமல் நடுவர் மன்றத்தின் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் ஏற்றுமதியாளர், வழக்கில் வென்றும் பணம் பெறாமல் நிற்கக்கூடும். நம் பகுதிச் சிறு ஏற்றுமதியாளர்களுக்கு இதை யாராவது பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

கட்டணத்தைக் கல்விக்கடனில் சமாளிக்கிறேன். சேர விரும்புவோர் 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தை நன்றாகப் படித்துவிட்டு வாருங்கள். அடுத்த பருவத்தில் எனக்குக் கடல்வழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம்.