மியூசிலேஜ்: பசையா, பிசினா, வழும்பா?

வணக்கம் ஐயா.

வெண்டைக்காயிலும் சில விதைகளிலும் இருக்கும் வழுக்கும் பொருளான மியூசிலேஜுக்கு (mucilage) தமிழ்ச் சொல்லாக நீங்கள் தந்த 'தாவரப் பசை' எனக்கு ஒப்பவில்லை. பசை என்றால் ஒட்ட வேண்டும். வெண்டைக்காய் நறுக்கும்போது கத்தியில் நூல் நூலாக இழுபடுகிறதே, அது காய்ந்தால் லேசாக ஒட்டும்தான். ஆனால் ஈரமாக இருக்கும்போது அதன் குணமே வழுக்குவது.

'பிசின்' என்பதும் சரிவராது. வேலம்பிசினும் முருங்கைப் பிசினும் பட்டையில் காயம்பட்ட இடத்தில் கசிந்து இறுகுபவை. மியூசிலேஜ் செடிக்குள் இயல்பாகவே இருப்பது. நீரை இழுத்து உப்பும் கூட்டுச் சர்க்கரை (polysaccharide) அது. சப்ஜா விதையைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள்: கறுப்பு விதையைச் சுற்றி மங்கலான கண்ணாடி உறை ஒன்று சில நிமிடங்களில் எழும்பி நிற்கும். இதைப் போய்ப் பிசின் என்று எப்படிச் சொல்வது?

என் பரிந்துரை 'வழும்பு'. விராலையும் விலாங்கையும் அறுக்கும் முன் சாம்பலும் கல்லுப்பும் போட்டுத் தேய்ப்பது இந்த வழும்பு போகத்தான். வழுக்கு, வழுவழுப்பு என்று இனச்சொற்களும் கூடவே நிற்கின்றன.

விஸ்காசிட்டியை, அதாவது ஒரு திரவம் எவ்வளவு கெட்டியாக ஓடுகிறது என்பதை, இதில் கலக்க வேண்டாம். அதற்குப் பாகுநிலை இருக்கிறது, இலங்கையில் பிசுக்குமை என்கிறார்கள். அது அளக்கும் பண்பு, நாம் தேடுவது பொருளின் பெயர்.

* * *

தம்பி, பசையை விட்டுவிடுகிறேன், நீங்கள் சொல்வது நியாயம். ஆனால் வழும்புக்கு அகராதியில் நிணம் (கொழுப்பு) என்ற பொருளும் உண்டே? மீன்மேல் இருப்பதோ மியூசின் என்ற புரதம் சேர்ந்தது, வெண்டையில் இருப்பது கூட்டுச் சர்க்கரை. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் மாணவர்கள் குழம்ப மாட்டார்களா? 'கொழகொழப்பு' என்றே வைத்தால் என்ன?

* * *

ஐயா, கொழகொழப்பு தன்மையின் பெயர். 'வெண்டையிலிருந்து கொழகொழப்பைப் பிரித்தெடுத்தனர்' என்று எழுத வராது, 'வழும்பைப் பிரித்தெடுத்தனர்' என்றால் வரும். நிணம் என்ற பொருள் இன்று பேச்சில் இல்லை. வேதியியல் வேறுபாட்டை முன்னொட்டு காட்டட்டும்: தாவர வழும்பு, மீன் வழும்பு. மூக்கில் வருவது சளி, குடலில் சீதம் என்று மருத்துவத்தில் ஏற்கெனவே பிரித்து வைத்திருக்கிறோம், அவற்றைத் தொட வேண்டியதில்லை.

மருந்தியல் படித்தவர்கள் ஒன்று சொல்லுங்கள்: மலச்சிக்கலுக்குக் குடிக்கும் இசப்கோல் உமி தண்ணீரில் உப்புவதை விளக்கும்போது 'வழும்பு' பொருந்தி வருகிறதா?