மருந்துக்கு அடங்காத கிருமி: என்ன சொல் இடுவது?

அன்புள்ள குழுவினருக்கு,

மேல்நிலை வகுப்புக்கான அறிவியல் துணைப்பாடம் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கிருமி மருந்துக்கு அடங்காமல் போவதை 'நுண்ணுயிர் எதிர்ப்பு' என்று எழுதிய வரைவை வகுப்பில் கொடுத்துப் பார்த்தேன். "உடம்பு மருந்துக்குப் பழகிப்போகிறது" என்றே பலரும் விடை எழுதியிருக்கிறார்கள். மாறுவது உடம்பல்ல, கிருமி. அது சொல்லிலேயே தெரியவேண்டும். கிருமியின் கேடு செய்யும் ஆற்றலுக்கும் ஒரு சொல் வேண்டும்.

மறு:
குறை தொகையில் இருக்கிறது. நுண்ணுயிரை எதிர்த்தல் என்று விரித்தால் எதிர்ப்பது மருந்து. நுண்ணுயிரது எதிர்ப்பு என்று விரித்தால் எதிர்ப்பது கிருமி. போதாததற்கு 'நோய் எதிர்ப்பு' காதில் ஊறிய தொடர், பிள்ளைகள் உடம்பைத்தான் நினைப்பார்கள். 'மருந்து மசியாமை' என்று வையுங்கள். "எதற்கும் மசியமாட்டான்" என்று இன்றும் பேசுகிறோமே. கேடு செய்யும் ஆற்றலுக்கு 'விறல்'. வலிமை, வெற்றி என்ற பொருளில் சங்கச் செய்யுளிலேயே உண்டு. 'விருலென்ஸ்' (virulence) என்ற ஆங்கிலச் சொல்லின் ஒலியும் ஒத்து வருகிறது, வேரும் ஒன்றாக இருக்கலாம்.

மறு:
ஐயா, ஒலியை வைத்து வேர் தேட வேண்டாம். அந்த ஆங்கிலச் சொல் நஞ்சைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. வைரஸுக்கும் அதுவே மூலம். விறலுக்கும் நஞ்சுக்கும் என்ன உறவு? மாணவருக்கு விறலிதான் நினைவுக்கு வருவாள். 'வீரியம்' எல்லோருக்கும் புரியும். வடசொல்தான், ஆனால் வடவெழுத்து நீங்கி வந்தால் ஏற்கலாம் என்று தொல்காப்பியமே வழிவிட்டிருக்கிறது.

மறு:
வீரியம் சரி. ஆனால் அது கிருமியோடு பிறந்த குணம் என்று எழுதிவிடாதீர்கள். டிப்தீரியா கிருமியின் நஞ்சுக்கான மரபணு, அதைத் தொற்றும் வைரஸ் கொண்டுவந்தது. அந்த மரபணு இல்லாத கிருமி அந்த நஞ்சைச் சுரக்காது. காலராவிலும் இதே கதை. 1928-இல் நுண்ணுயிர் ஆய்வாளர் கிரிஃபித், சூட்டில் கொன்ற, உறையுள்ள (வீரியமுள்ள) நிமோனியா கிருமியையும் உயிருள்ள, உறையற்ற (வீரியமற்ற) கிருமியையும் சேர்த்துச் சுண்டெலிக்குச் செலுத்தினார். தனித்தனியே கொடுத்தபோது சாகாத எலி இப்போது செத்தது. அதன் இரத்தத்தில் உயிருள்ள, உறையுள்ள கிருமிகள்! செத்ததன் மரபுப்பொருளை உயிருள்ளது எடுத்துக்கொண்டிருந்தது.

மருந்துக்குத் தப்புவதும் பலவிதம். பென்சிலின் மூலக்கூறில் உள்ள வளையத்தை நொதியால் உடைப்பது, உள்ளே வந்த மருந்தை வெளியே இறைத்துவிடுவது, மருந்து பற்றும் இடத்தையே மாற்றிக்கொள்வது. இவற்றுக்கான மரபணுக்கள் பல, பிளாஸ்மிட் என்ற சிறு டி.என்.ஏ. வளையம் வழியாக அடுத்த கிருமிக்கும் கைமாறும். மரபணு மாறாமல், பெருகாமல் முடங்கிக் கிடந்தே தப்புபவையும் உண்டு. அதற்குத்தான் 'தாங்குதல்' (tolerance) என்ற சொல் வேண்டும். அந்தச் சொல்லை இங்கே செலவழிக்காதீர்கள்.

மறு:
'மருந்து மசியாமை'யிலும் அதே குழப்பம்தான். மருந்து மசியவில்லை என்று எழுவாயாகவும் படிக்கலாமே? 'மருந்துக்கு மசியாமை' என்று உருபு விரித்தால் பொருள் தெளியும், ஆனால் கலைச்சொல் நீண்டுவிடும். நாளிதழில் ஏற்கெனவே புழங்குவது 'மருந்தெதிர்ப்பு'. மாணவர் தேடினாலும் அது கிடைக்கும்.

மறு:
நன்றி. இங்கே வந்த யோசனைகளின்படி 'கிருமியின் மருந்தெதிர்ப்பு', 'வீரியம்' என்று போடுகிறேன். முதல் முறை வரும்போது "எதிர்ப்பது கிருமி, உடம்பல்ல" என்று ஒரு வரியும் சேர்த்துவிட்டேன்.

மறு:
அச்சுக்குப் போகட்டும், எனக்கு உடன்பாடில்லை. 'எதிர்ப்பு' என்றால் கிருமி மனம்வைத்துப் போராடுவதாகத் தொனிக்கிறது. மருந்துக்கு மசிந்தவை சாகின்றன, மசியாதவை மிஞ்சிப் பெருகுகின்றன. நடப்பது அவ்வளவுதான். விறலை விட்டுவிடுகிறேன், மசியாமையை விடமாட்டேன். உருபோடு நீளமாக இருந்தாலும் அடுத்த பதிப்பில் சேருங்கள்.