பழச்சாறு பவுச்சுகளில் தோள்பை: தைத்த கோட்டிலேயே கிழிகிறது, என்ன செய்யலாம்?

நூலிழை:

வணக்கம். வெள்ளி நிறப் பழச்சாறு பவுச்சுகளைச் சேர்த்துவைத்துப் பெரிய தோள்பை ஒன்று தைக்கத் தொடங்கியிருக்கிறேன். பருத்தித் துணிக்குப் போடும் ஊசியும் பொடித் தையலும்தான். இரண்டு வரிசைகளை இணைத்து லேசாக இழுத்தால், தையல் போன கோட்டிலேயே தபால்தலையைப் பிரிப்பதுபோல நேராகக் கிழிந்துவருகிறது. போதாததற்கு மெஷினின் ஃபுட் (துணியை அழுத்திப் பிடிக்கும் பாதம்) பவுச்சில் ஒட்டிக்கொள்கிறது. தையல் நகராமல் ஒரே இடத்தில் குவிகிறது. இதற்கு எந்த ஊசி, எந்த நூல்? புத்தகம், காய்கறி என்று கனமாக வைத்தால் தாங்குமா? பால் வரும் அட்டைப் பெட்டிகளும் நிறைய இருக்கின்றன. அவற்றையும் சேர்த்துத் தைக்கலாமா?

தையற்பெட்டி:

தயவுசெய்து பவுச்சுகளைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அருமையான பொருள் அது. ஆனால் துணிக்குரிய பழக்கம் எதுவும் அதனிடம் செல்லாது.

துணியில் ஊசி இழைகளை விலக்கிக்கொண்டு நுழைகிறது; ஊசி வெளியேறியதும் இழைகள் மறுபடி நெருங்கிக்கொள்கின்றன. பவுச்சில் இழையே இல்லை. வெளியே பாலியஸ்டர், நடுவில் மெல்லிய அலுமினியம், உள்ளே பாலிஎத்திலீன் என ஒன்றோடொன்று ஒட்டிய ஏடுகள். (பிரிக்க முடியாமல் ஒட்டியிருப்பதால்தான் மறுசுழற்சிக்கும் அது எளிதில் போவதில்லை.) அதில் விழுந்த ஓட்டை விழுந்ததுதான். ஆகவே ஓட்டைகளைக் குறையுங்கள். தையல் நீளத்தை 4 மில்லிமீட்டருக்கு வையுங்கள். ஒரு பவுச்சின் மேல் அடுத்ததை 1 சென்டிமீட்டர் ஏற்றிவைத்து, அரை சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு கோடு தையுங்கள். குண்டூசி குத்தவே வேண்டாம், கிளிப் மாட்டுங்கள். பிரித்துத் தைப்பதும் கூடாது, பழைய ஓட்டைகள் அங்கேயே நிற்கும்.

16 ஆம் எண் ஜீன்ஸ் ஊசி சரியாக வரும். தோல் தைக்கும் ஊசியைச் சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அதன் முனை துளைப்பதோடு நிற்காமல் கீறுகிறது, கீறல் அங்கிருந்து ஓடுகிறது. நூல் பாலியஸ்டராக இருக்கட்டும், இழுவிசையைச் சற்றுத் தளர்த்துங்கள். அலுமினியம் ஊசியைச் சீக்கிரம் மழுங்கடிக்கும். தையல் விழும்போது 'டப் டப்' என்று சத்தம் கேட்டால் ஊசியை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

ஃபுட் ஒட்டுவதற்கு, ஒட்டாமல் வழுக்கும் டெஃப்லான் ஃபுட் நல்ல தீர்வு. அது இல்லையென்றால் மேலும் கீழும் மெல்லிய டிஷ்யூ தாளை வைத்துத் தைத்து, பிறகு கிழித்தெடுத்துவிடுங்கள். நான்கு பவுச்சுகளின் மூலைகள் சந்திக்கும் இடத்தில், பவுச்சுக்கு முன்பின் இரண்டாக எட்டு அடுக்குகள் சேரும். அங்கே மோட்டாரை நம்பாதீர்கள். கைச்சக்கரத்தைச் சுழற்றி ஒவ்வொரு தையலாகக் கடந்துவாருங்கள்.

இனி பாரம். எவ்வளவு நன்றாகத் தைத்தாலும் பவுச்சின் மேல் பாரத்தை ஏற்றக்கூடாது. கைப்பிடியைப் பையின் வாய்விளிம்பில் மட்டும் தைத்து நிறுத்துகிறார்கள். கிழிவது எப்போதும் அந்த இடம்தான். முன்பக்கம், அடி, பின்பக்கம் மூன்றையும் ஒரே நீளப் பரப்பாக இணைத்து, அது தட்டையாக இருக்கும்போதே 2.5 சென்டிமீட்டர் அகல நாடாவை அதன்மேல் ஓடவிடுங்கள். நாடா முன்பக்கத்தில் ஏறி, கைப்பிடியாக வளைந்து, மறுபடி இறங்கி, அடியைக் கடந்து, பின்பக்கத்திலும் அப்படியே சுற்றிவந்து தொடங்கிய இடத்தில் சேர வேண்டும். அந்த இணைப்பு அடிப்பகுதியில் இருக்கட்டும். இப்போது புத்தகத்தின் கனம் நாடாவுக்குப் போகிறது. பொருள் வெளியே விழாமல் பிடித்துக்கொள்வது மட்டுமே பவுச்சின் வேலை.

வெட்டிக் கழுவியபின் ஒரு பவுச்சில் 10 × 12 சென்டிமீட்டர் கிடைக்கிறது என்றால், முன்பக்கத்துக்கு 12, பின்பக்கத்துக்கு 12, அடிக்கு 4, பக்கவாட்டுப் பட்டைகளுக்கு 8, ஆக 36 பவுச்சுகள். நாடா ஏறக்குறைய 2.75 மீட்டர் ஆகும்.

மடிப்புத்தாள்:

அட்டைப் பெட்டிகளை இந்தப் பையில் சேர்க்காதீர்கள். அவற்றின் எடையில் முக்கால்வாசி காகித அட்டை. வெட்டிய ஓரமும் ஊசித் துளையும் ஈரத்தை உறிஞ்சி உப்பிவிடும். பவுச் வளையும் இடத்தில் அட்டை முறியும். அவற்றை 4 சென்டிமீட்டர் பட்டைகளாக நறுக்கி, இரு ஓரங்களையும் உள்ளே மடித்து, பாய் முடைவதுபோல் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னினால் தனியாக ஒரு கூடையே செய்யலாம். உடலுக்குத் தையலே வேண்டியதில்லை, வாய்விளிம்புக்கு மட்டும் துணி நாடா போதும். பால் பெட்டியை உடனே கழுவுங்கள். புளித்த வாடை அட்டையில் ஏறினால் போகாது.

பவுச் பற்றி ஒன்று: தைப்பதற்குப் பதில் இஸ்திரிப் பெட்டியால் ஒட்டிவிடலாமே?

தையற்பெட்டி:

ஓரளவுக்கு, ஆம். உட்புற பாலிஎத்திலீன் சுமார் 110 டிகிரி செல்சியஸில் உருகும். கழுவுவதற்காக வெட்டிய அடிவாயை, பேக்கிங் தாளுக்கு நடுவே வைத்துக் குறைந்த சூட்டில் ஒட்டி மூடலாம். ஆனால் அது உள்முகத்தோடு உள்முகம்தான் ஒட்டும். ஒரு பவுச்சின் வெளிப்புறத்தை இன்னொன்றின் மேல் வைத்துத் தேய்த்தால் பாலியஸ்டர் பிடிக்காது. பை தைத்து முடித்தபின் இஸ்திரியை அதன் அருகிலேயே கொண்டுபோகாதீர்கள்.

நூலிழைக்கு ஒரு செய்தி. அடி விரிந்து தானாக நிற்கும் இந்த வகைப் பவுச்சை 1962இல் உருவாக்கியவர் பிரான்ஸின் லூயி துவாயென். அவர் தலைமை தாங்கிய நிறுவனத்தின் பெயர் திமோனியே. 1830இல் தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்ற பார்தெலமி திமோனியேயின் பெயர்தான் அது! பவுச்சும் தையல் மெஷினும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று தெரிந்ததிலிருந்து இந்த வேலையில் எனக்குப் பிரியம் கூடிவிட்டது.

நூலிழை:

மிக்க நன்றி. நாடாவைத் தட்டையாக இருக்கும்போதே தைக்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. இன்னும் இரண்டு சந்தேகங்கள். உறிஞ்சுகுழல் குத்திய ஓட்டையை என்ன செய்வது? பக்கங்களை இணைத்தபின் பையை உள்வெளியாகத் திருப்பினால் கசங்காதா?

தையற்பெட்டி:

நிச்சயம் கசங்கும். மடிந்த கோட்டில் அலுமினியம் வெடித்து வெள்ளைத் தழும்பு விழும். ஆகவே திருப்பவே வேண்டாம். தையல் ஓரங்கள் வெளிப்பக்கம் இருக்கும்படி இணைத்து, அந்த ஓரத்தைப் பருத்தி நாடாவால் மூடித் தையுங்கள். கையைக் கீறும் வெட்டுமுனையும் மறைந்துவிடும்.

குழல் ஓட்டை மேல்விளிம்பை ஒட்டித்தான் இருக்கும். மேல் வரிசையின் அடி, கீழ் வரிசையின் தலைமீது ஏறும்படி அடுக்குங்கள். பெரும்பாலும் ஓட்டை உள்ளே ஒளிந்துகொள்ளும், மழைநீரும் வழிந்து ஓடிவிடும். அப்படியும் தெரிந்தால் ஓட்டைக்கு மேலேயே வெட்டித் தள்ளிவிடுங்கள், உயரத்தில் கொஞ்சம்தான் குறையும். தைக்கும் முன் ஒவ்வொரு பவுச்சையும் வெதுவெதுப்பான சோப்பு நீரில் அலசி, தலைகீழாக நிறுத்தி முழுக்க உலரவிடுங்கள். அடிமடிப்பில் சர்க்கரைப் பிசுக்கு தங்கியிருக்கும். விரலை விட்டுத் தேய்த்துப் பாருங்கள், இல்லையென்றால் எறும்பு வந்துவிடும்.