ஆல்ப்ஸை முதலில் சரியாகக் காட்டியது தூரிகையா, நிலப்படமா?

கோட்டோவியன்:
என் கட்சி தூரிகை. ஓவியர் கொன்ராட் விட்ஸ் 1444இல் ஜெனீவா தேவாலயத்துக்கு வரைந்த பலகை ஓவியத்தைப் பாருங்கள். ஏரிக்குப் பின்னால் மோல் மலை, அதற்கும் அப்பால் மோன் பிளாங் பக்கத்துப் பனி. இன்றைக்கும் அடையாளம் சொல்லலாம். நிலப்படக்காரர்களோ அதற்குப் பிறகும் பல தலைமுறைக்குப் புற்றுப் புற்றாக மலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

செப்புத்தகடு:
புற்று போட்டது அறியாமையால் அல்ல. எந்தப் பள்ளத்தாக்கில் நுழைந்து எந்தக் கணவாயில் ஏறுவது என்பதுதான் பயணிக்கு வேண்டும். அதற்கு அது போதும். உண்மையான குறை வேறு. மலையைப் பக்கவாட்டில் நிறுத்தி வரைந்தால் அடிவாரம் மட்டும் தன் இடத்தில் இருக்கும், உச்சி தாளில் மேலே தள்ளிப்போகும், பின்னால் உள்ள பள்ளத்தாக்கு மறைந்துவிடும். சூரிச் நிலப்படக்காரர் ஹன்ஸ் கொன்ராட் கீகர் 1667லேயே இதைத் தீர்த்துவிட்டார்: சூரிச் பகுதி முழுவதும், சுமார் 1:32,000 அளவில், நேர் மேலிருந்து பார்ப்பதாக, நிழல் கொடுத்து.

கோட்டோவியன்:
கீகருடையது கையால் தீட்டியது. ராணுவ ரகசியம் என்று உள்ளேயே வைத்துவிட்டார்கள். அடுத்தவர் எப்படிக் கற்பது? தவிர, சூரிச் பெரும்பாலும் குன்று நாடு. அச்சுக்குப் போனால் செப்புத்தகட்டில் கோடுதான் வரும், மென்நிழல் வராது. அதனால்தான் ஜெர்மன் நிலப்படக்காரர் லேமன் 1799இல் சரிவுக்கோட்டுக்கு, அதாவது சரிவைக் காட்டும் சிறுகோடுகளுக்கு, கணக்கு வைத்தார்: கோடு தண்ணீர் ஓடும் திசையில், 15 பாகைச் சரிவில் மூன்றில் ஒரு பங்கு மை, 30இல் இரண்டு பங்கு, 45இல் முழுக் கறுப்பு. ஆல்ப்ஸின் பாறைச் சுவர்களில் 45ஐத் தாண்டியவை எத்தனை! அங்கெல்லாம் வெறும் மைதான். ஓவியர் காஸ்பர் வோல்ஃபோ 1770களிலேயே பனியாறுகளை நேரில் போய்ப் பார்த்து எண்ணெய் வண்ணத்தில் அதே சுவர்களை வெடிப்பு வெடிப்பாகத் தீட்டியிருந்தார்.

செப்புத்தகடு:
வோல்ஃபின் படத்தில் பாறை இருக்கிறது, தூரம் இல்லை. அதை வைத்து ஒரு கல் தொலைவுகூட அளக்க முடியாது. லேமனின் சிக்கலுக்கு டுஃபூர் தலைமையில் வந்த சுவிஸ் நாட்டு நிலப்படம் விடை சொன்னது: 1845 முதல் 1865 வரை, 1:100,000, 25 தாள்கள். ஒளி வடமேற்கிலிருந்து, அந்தப் பக்கச் சரிவுக்கு மெல்லிய கோடு, தென்கிழக்குச் சரிவுக்குத் தடித்த கோடு. செங்குத்துச் சுவரும் கறுத்துப்போகாமல் வடிவத்தோடு நின்றது.

முகடு:
இடையில் ஒரு விஷயம். ஆல்ப்ஸில் வடமேற்கிலிருந்து நடுப்பகல் வெயில் அடிக்கவே அடிக்காது. வெயில் காயும் தெற்குச் சரிவுகள் டுஃபூரில் இருண்டு கிடக்கின்றன. ஆனாலும் ஒளியைத் தாளின் கீழ்ப்பக்கத்திலிருந்து கொடுத்தால் கண் ஏமாறும், முகடு பள்ளமாகத் தெரியும்.

கோட்டோவியன்:
அதைத்தானே சொல்கிறேன்! இடது மேல்பக்க ஒளி ஓவியனின் பழக்கம். அதைக் கடன் வாங்கிய பிறகுதான் நிலப்படத்தில் மலை எழுந்து நின்றது.

செப்புத்தகடு:
ஒளி கடன், ஒத்துக்கொள்கிறேன். மலை கடன் இல்லை. அளவையாளர்கள் களத்தில் 1:25,000, 1:50,000 தாள்களில் முக்கோண அளவையை (முக்கோணங்களின் கோணங்களை அளந்து இடம் கணிப்பதை) ஆதாரமாக வைத்து, ஒரே உயரத்துப் புள்ளிகளை இணைக்கும் சமஉயரக் கோடுகளைத்தான் வரைந்தார்கள். செதுக்குபவர் அதைச் சரிவுக்கோடாக மாற்றினார். 1870 முதல், டுஃபூருக்கு அடுத்த சுவிஸ் நிலப்படமான சீக்ஃப்ரீட் நிலப்படமாக அந்தக் கோடுகளே அச்சில் வந்தன: மண்ணுக்குப் பழுப்பு, பனியாற்றுக்கு நீலம், பாறைக்குக் கறுப்பு. இதில் எந்த ஓவியரின் கை இருக்கிறது?

முகடு:
இரண்டு பேருக்கும்: டுஃபூர் உயரங்களை இன்றைய உயரங்களோடு ஒப்பிடும்போது 3.26 மீட்டர் கழித்துவிடுங்கள். எல்லா உயரங்களையும் கணக்கிட ஆதாரமான, ஜெனீவா ஏரியின் நீதோன் பாறையின் உயரத்தை அன்று 376.86 மீட்டர் என்று வைத்தார்கள், பிறகு 373.6 ஆகத் திருத்தினார்கள். கழிக்காமல் பார்த்தால் எல்லாச் சிகரமும் தேய்ந்துவிட்டதாகத் தோன்றும்.