பாப்பா முழிச்சிருக்கும்போது மத்த ரெண்டு பேருக்கும் பாடம் நடத்துறது எப்படி?

பாளை மருதம் (கேள்வி)

வணக்கம். பாளையங்கோட்டைல இருக்கோம். மூத்தவளுக்கு 7 வயசு, அடுத்தவனுக்கு 5, கடைக்குட்டிக்கு 18 மாசம். மூத்த ரெண்டு பேருக்கும் இந்த வருசம் வீட்டுலயே பாடம். தமிழ்நாடு பாடநூல்தான் வச்சிருக்கோம். அவங்க அப்பா காலைல 8 மணிக்குக் கிளம்புனா ராத்திரி ஏழரைக்குத்தான் வருவாங்க. ஆச்சி கூட இருக்காங்க. ஆனா முட்டுவலி, பாப்பாவைத் தூக்கிட்டு நடக்க முடியாது.

பாப்பா முழிச்சிருந்தா பாடம் ஓட மாட்டேங்குது. பென்சிலைப் பிடுங்குது, நோட்டைக் கிழிக்குது, கூட்டலுக்கு வச்ச புளியமுத்தை வாயில போடுது. அதனால பத்தரைக்குத் தொட்டில்ல போட்டுட்டு எல்லாப் பாடத்தையும் அப்பதான் நடத்துறது. இப்ப ரெண்டு வாரமா அந்தத் தூக்கமும் ஒழுங்கா இல்ல. சில நாள் இருபது நிமிசம், சில நாள் தூங்குறதே இல்ல.

போனைக் கையில குடுக்காம இதுக்கு என்ன வழி? இன்னொண்ணு, 5 வயசுக்காரன் அ, ஆ முழுசும் பாட்டா சொல்லுதான். ஒரு எழுத்தைத் தனியாக் காட்டுனா முழிக்கான். என்ன செய்யலாம்?

---

கல்லிடை வாசகி

முதல்ல தூக்கத்தைச் சொல்லிருதேன், மத்த எல்லாம் அதுல தொங்கிக்கிட்டு இருக்கு. பாப்பாவுக்குச் சீக்கு ஒண்ணும் இல்ல. பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒண்ணேகால், ஒன்றரை வயசுல காலைத் தூக்கம் நின்னு மதியம் ஒரே தூக்கமா மாறிரும். ஒண்ணுலருந்து ரெண்டு வயசு வரைக்கும் ராத்திரி, பகல் எல்லாம் சேத்து 11 முதல் 14 மணி நேரம் தூங்கணும். அந்தக் கணக்குல வந்தா கவலையே வேண்டாம். ஆனா காலைத் தூக்கத்தை நம்பிப் போட்ட பாட நேரம் இனிமே நிக்காது.

பத்தரைத் தூக்கத்தைப் பன்னிரண்டரைக்குக் கொண்டு போங்க. ஒரே நாள்ல இழுத்தா பாப்பா பதினொண்ணரைக்குச் சோத்துத் தட்டுலயே சொக்கி விழும். அரைத் தூக்கத்துல முழிச்சுச் சாயங்காலம் வரை நைநைன்னு அழும். மூணு நாளைக்கு ஒருக்க கால் மணி நேரம் தள்ளுங்க. 24 நாள்ல பன்னிரண்டரைக்கு வந்துரும். மதியச் சாப்பாடும் கூடவே நகரணும், 11.45க்குப் பாப்பாவுக்கு ஊட்டி முடிச்சிரணும். மூணு, மூணரைக்கு மேல தூங்க விடாதீங்க, விட்டா ராத்திரி பத்து மணிக்கும் கொட்டக் கொட்ட முழிச்சிருக்கும்.

இனி பாடம். வாயால நடக்கிறதை முழிப்புல வைங்க, பென்சில் பிடிக்கிறதைத் தூக்கத்துக்கு ஒதுக்குங்க. கதை வாசிச்சுக் காட்டுறது, செய்யுள், வாய்ப்பாடு, மனக்கணக்கு, இங்கிலீஷ் பேச்சு எல்லாம் பாப்பா மடியில இருக்கும்போதே நடக்கும். எழுத்து வேலை, கணக்கு நோட்டு, வெட்டி ஒட்டுறது மதியம். வீட்டுல ஒருத்தருக்கு ஒருத்தர் உக்காந்து சொல்லிக் குடுக்கிறதால நேரம் ரொம்ப வேண்டாம். 7 வயசுக்கு நாள் முழுக்கச் சேத்து ஒன்றரை, ரெண்டு மணி நேரம், 5 வயசுக்கு அரை மணியோ முக்கால் மணியோ போதும். அதையும் 15 நிமிசத் துண்டாப் போடுங்க.

ஒன்பது மணிக்கு உக்காந்த உடனே பெரியவங்களுக்குப் பாடம் எடுக்காதீங்க. முதல் 20 நிமிசம் பாப்பாவுக்கே முழுசா. மடியில வச்சுப் படம் காட்டுங்க, பாட்டுப் பாடுங்க, தட்டுல ரெண்டு இட்லித் துண்டு வைங்க. வயிறும் மனசும் நெறஞ்ச பிள்ளை அதுக்குப் பிறகு பத்து, பதினைஞ்சு நிமிசம் தானா விளையாடும். பசியோட இருக்கிற பாப்பாவை ஒதுக்கி வச்சா அந்தப் பதினைஞ்சு நிமிசமும் பென்சிலைப் பிடுங்கத்தான் வரும்.

விளையாட்டுக்கு மூணு ஓலைக் கொட்டான் எடுங்க. ஒண்ணுல மூணு சிரட்டை, ஒரு மர அகப்பை. இன்னொண்ணுல பெரிய பழைய டப்பாவும் அதுக்கு மூடியும், காஞ்ச பீர்க்கங்கூடும். மூணாவதுல நாலு துண்டுத் துணி, உள்ள திணிச்சு வெளிய இழுக்க ஒரு எவர்சில்வர் தூக்கு. பாட நேரத்துல மட்டும், ஒரு தடவைக்கு ஒண்ணு மட்டும் வெளிய வரணும். மத்த நேரம் கண்ணுல படவே கூடாது. நாள் முழுக்கத் தார்சாவுல கெடந்தா மூணாம் நாளே புதுசு போயிரும். ஒரு கொட்டான் அலுத்ததும் அடுத்ததை எடுத்துருங்க, பாப்பா தேடி வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

அடுப்படி வேலை பாடத்துக்குள்ள வராம இருக்கணும்னா வாரத்துல ரெண்டு நாள் உளுந்தஞ்சோறு வைங்க. அரிசி 1 டம்ளர், லேசா வறுத்த தொலி உளுந்து அரை டம்ளருக்குக் கொஞ்சம் குறைய, வெந்தயம் அரை ஸ்பூன், பூண்டு 8 பல், தேங்காய்த் துருவல் கால் டம்ளர், உப்பு, தண்ணி மூணரை டம்ளர். காலைலயே குக்கர்ல எல்லாத்தையும் தயாரா வச்சுட்டு 11 மணிக்கு அடுப்பைப் பத்த வச்சா நாலு விசில்ல முடிஞ்சிரும். பெரியவங்களுக்கு எள்ளுத் துவையல். பாப்பாவுக்கு நெய் விட்டு மசிச்சுக் குடுங்க.

---

சேரன்மாதேவி செவிலி

புளியமுத்தை இன்னைக்கே பரண்ல ஏத்திருங்க. ஒரு அட்டையை 4 சென்டிமீட்டர் அகலக் குழாயாச் சுருட்டி ஒட்டி வச்சுக்கோங்க. அதுக்குள்ள நுழையுற எந்தச் சாமானும் மூணு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளை இருக்கிற தரைல கெடக்கக் கூடாது. சோழி, மஞ்சாடி, கோலிக்குண்டு, தண்ணி பாட்டில் மூடி, ரப்பர், பல்பம் எல்லாம் நுழைஞ்சிரும். அம்பாசமுத்திரத்துச் சொப்புல பெரிய உருப்படி இருக்கட்டும், குட்டிக் கிண்ணத்தையும் விளக்கையும் எடுத்து வச்சிருங்க. முழு நிலக்கடலை, பட்டாணி, பொரிகடலையும் இந்த வயசுக்கு ஆகாது.

குன்றிமணியைப் பத்தித் தனியாச் சொல்லணும். எண்ணிப் படிக்கவும் பல்லாங்குழிக்கும் அதை எடுக்கிறவங்க இன்னும் இருக்காங்க. தோல் கெட்டியா இருக்கிறதால முழுசா விழுங்குனா சில நேரம் அப்படியே வெளிய வந்துரும். ஆனா கடிச்சாலோ, மாலை கோக்க ஓட்டை போட்டிருந்தாலோ உள்ள இருக்கிற விஷம் ரொம்பக் கொடியது. சதுர்த்திக்கு வாங்குன களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாப் பதிச்சிருக்கிறதும் அதேதான். பிள்ளை வாயில போட்டதுன்னு தெரிஞ்சா வாந்தி வருதான்னு பாத்துக்கிட்டு நிக்காம உடனே ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க, இல்லன்னா 108.

தொண்டைல அடைச்சு இருமவோ அழவோ முடியாமப் போனா, ஒரு வயசு தாண்டின பிள்ளையை முன்னால குனிய வச்சுத் தோள்பட்டைக்கு நடுவுல உள்ளங்கை அடிப்பாகத்தால 5 தடவை தட்டணும். வரலைன்னா பின்னாலருந்து கட்டிப் பிடிச்சுத் தொப்புளுக்கு மேல உள்நோக்கி மேல்வாக்குல 5 தடவை அழுத்தணும். ரெண்டையும் மாத்தி மாத்திச் செய்யணும், அதுக்குள்ள யாராவது 108 கூப்பிடட்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரலை விட்டுத் தோண்டக் கூடாது, இன்னும் உள்ளதான் போகும்.

சேலைத் தொட்டில்: 18 மாசப் பிள்ளை எந்திரிச்சு நின்னு வெளிய சாயும். இனிமே தரைல கோரைப்பாய் விரிச்சுத் தூங்கப் பழக்குங்க. தொட்டில் இருக்கிற வரைக்கும், பிள்ளை எந்திரிச்ச உடனே சேலையைச் சுருட்டி மேல கட்டிருங்க. 5, 7 வயசுப் பிள்ளைகள் அதுல உக்காந்து சுத்தி விளையாடும்போது சேலை முறுகிக் கழுத்தை இறுக்கிரும். நீங்க எழுத்துப் பாடத்துல குனிஞ்சிருக்கும்போது பின்னால சத்தமே இல்லாம நடக்கக் கூடியது இது.

தண்ணி: வாளி, சருவம் எல்லாம் காலியாக் கவுத்து வைக்கணும், குளியலறைக் கதவுக்கு மேல் கொண்டி. ஒரு சாண் தண்ணி இருந்தாலே போதும், தலைகீழா விழுந்த பிள்ளையால எந்திரிக்க முடியாது. கார் சாகுபடிக்குப் பாளையங்கால்வாயில தண்ணி விட்டுட்டா, கரையோரம் வீடு இருந்தா நடைல குறுக்குப் பலகை போட்டுருங்க.

பள்ளிக்கூடத்துல தானாக் கெடைக்கிறது உங்க பிள்ளைகளுக்குத் தவறிப் போகும். பிப்ரவரி, ஆகஸ்ட் மாசத்துல போடுற குடற்புழு மாத்திரையை அங்கன்வாடில கேட்டு வாங்குங்க. ரெண்டு வயசுக்குள்ள அரை மாத்திரையைப் பொடிச்சுக் குடுப்பாங்க, அதுக்கு மேல ஒண்ணு. அஞ்சு வயசுக்காரனுக்கு முத்தடுப்பு ரெண்டாவது ஊக்க ஊசி 5லருந்து 6 வயசுக்குள்ள போடணும், அட்டையை எடுத்துப் பாருங்க. பாப்பா பல்பத்தையும் மண்ணையும் திரும்பத் திரும்பத் தேடித் தின்னா ரத்தசோகை இருக்கான்னு ஆரம்ப சுகாதார நிலையத்துல பாத்துருங்க.

---

அம்பை ஆசிரியர்

அம்மா, பையன் பாடுவது வரிசையை. எழுத்தை அவன் இன்னும் பார்க்கவில்லை. 247 என்று சுவரில் தொங்கும் அட்டையை இரண்டு மாதம் கழற்றி வையுங்கள். அகர வரிசை உயிர்மெய் 18, துணைக்குறிகள் 11. கற்க வேண்டிய உருவங்களில் பெரும்பகுதி அவ்வளவுதான்.

ட, ப, ம என்று தொடங்குங்கள். ட-வுக்கு இடப்பக்கம் ஒரு கோடு, கீழே ஒரு கோடு. கீழ்க்கோட்டின் வலது முனையை மேலே தூக்கினால் ப. வலப்பக்கத்தை உள்ளே சுழித்தால் ம. புள்ளி வைக்கச் சொல்லிக் கொடுத்ததும் படம், மடம், பட்டம், மட்டம் நான்கையும் வாசித்துவிடுவான். துணைக்கால் சேர்த்தால் மாமா, டப்பா, பாடம், பாப்பா. தங்கச்சியைக் கூப்பிடுகிற சொல்லைத் தானே எழுதிவிட்டான் என்றால் மறுநாள் அவனே சிலேட்டை எடுத்துக்கொண்டு வருவான்.

வாரம் இரண்டு எழுத்து. ங, ஞ இரண்டையும் கடைசிக்குத் தள்ளினால் மற்ற 16 எழுத்தும் 8 வாரத்தில் முடியும். பிறகு ா, ி, ீ சுலபமாக வரும். உகர, ஊகாரத்தில்தான் பிள்ளைகள் தடுமாறுவார்கள். கு, சு, து, மு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வளைகிறதே! அதற்கு மட்டும் மூன்று வாரம் ஒதுக்குங்கள், அவசரம் வேண்டாம்.

எழுத மணல் போதும். பெரிய தாம்பாளத்தில் சலித்த ஆற்று மணலை ஒரு விரற்கடை கனத்துக்குப் பரப்பித் தண்ணீர் தெளியுங்கள். கையில் பிடித்தால் பிடி நிற்கவேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. காய்ந்த மணல் ஆடிக் காற்றில் கண்ணுக்குள் போகும், எழுத்தின் ஓரமும் சரிந்துவிடும். பாப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தட்டு வைத்துவிட்டால் அதுவும் விரலால் கிறுக்கிக்கொண்டிருக்கும். ஒரு கண் அதன் வாய்மேல் இருக்கட்டும்.

நம் பக்கத்துப் பேச்சில் ழகரம் ளகரமாகத்தான் வரும், அதனால் சொல்வதெழுதலில் பளம் என்று எழுதுவார்கள். பேச்சைக் கண்டிக்காதீர்கள், கண்ணுக்குப் பழக்குங்கள். தோட்டத்து வாழையையும் மீன்காரம்மா கொண்டுவரும் வாளையையும் பக்கத்தில் பக்கத்தில் படம் வரைந்து கீழே எழுதி ஒட்டினால் ஒரு மாதத்தில் பிரித்துவிடுவார்கள்.

மூத்தவளுக்குக் கணக்கு வாசல் கோலத்தில் இருக்கிறது. 7 புள்ளி, ஊடுபுள்ளியாக 4 வரை: 4, 5, 6, 7, 6, 5, 4. மொத்தம் எத்தனை? வரிசையாகக் கூட்டவிடாமல் பத்துப் பத்தாகச் சேர்க்கச் சொல்லுங்கள். 4-ம் 6-ம் பத்து, அதேபோல் இன்னொன்று, 5-ம் 5-ம் பத்து, மீதி 7. ஆக 37. பின்னத்துக்குப் பழைய படிகள். 2 ஆழாக்கு ஓர் உழக்கு, 2 உழக்கு ஓர் உரி, 2 உரி ஒரு நாழி. அரிசியை அவளே அளந்து ஊற்றினால் அரை, கால், அரைக்கால் மூன்றும் கைக்கே தெரியும்.

---

டவுன் வாகையடி

காகித விஷயம் மட்டும் சொல்லுதேன். 2010 ஏப்ரல் 1 முதல் நடப்புல உள்ள கல்வி உரிமைச் சட்டம் 6லருந்து 14 வயசு வரைக்கும். அதோட 4-ஆம் பிரிவுப்படி, இதுவரை பள்ளிக்கூடம் போகாத பிள்ளையையும் வயசுக்கேத்த வகுப்புல சேக்கணும். அதனால பிறகு பள்ளிக்கூடம் அனுப்ப நெனச்சா கதவு அடைபடல. பத்தாம் வகுப்பைத் தேசிய திறந்தநிலைப் பள்ளில 14 வயசு முடிஞ்சதும் எழுதலாம். பிறப்புச் சான்றிதழ், ஆதார் ரெண்டுலயும் பேரும் தேதியும் ஒரே மாதிரி இருக்கான்னு இப்பவே பாருங்க. ஒரு எழுத்து மாறுனாலும் பின்னால அலைய விடுவாங்க. பிள்ளைகள் எழுதுனதுல மாசத்துக்கு ரெண்டு தாள் தேதி போட்டுக் கோப்புல வைங்க.

கல்லிடை அக்கா சொன்னதுல ஒண்ணு மட்டும் எனக்கு ஒப்பல. தினமும் வீட்டுக்குள்ளேயே ஒன்பது மணிக்கு உக்காரணுமா? சனிக்கிழமை கொக்கிரகுளம் அறிவியல் மையத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. ஜனவரிக்குப் பிறகு கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்கு வெள்ளன போனா ஊருக்குள்ள மரத்துலயே மஞ்சள்மூக்கு நாரை கூடு கட்டியிருக்கும். பாப்பாவும் அங்க அழாது. ரெண்டு வயசு ஆனதும் காலைல அங்கன்வாடிக்கும் அனுப்பலாம்.

---

பாளை மருதம்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. முத்தையெல்லாம் எடுத்தாச்சு. உக்காந்த இடத்துலருந்து ஆச்சி செய்யுற மாதிரி ஏதாவது இருக்கா? சும்மா இருக்க அவங்களுக்கும் மனசு இல்ல.

---

கல்லிடை வாசகி

நெறைய இருக்கு. மூத்தவ தினமும் பத்து நிமிசம் ஆச்சிக்கு வாசிச்சுக் காட்டட்டும். தப்பு வந்தா உடனே திருத்த வேண்டாம், வாக்கியம் முடிஞ்சதும் "இன்னொருக்க வாசி"ன்னு சொன்னாப் போதும். நீங்க மதியச் சோறு வடிக்கிற நேரம் அது. பாப்பாவைத் தூக்கச் சொல்லாதீங்க. ஆச்சி கட்டில்ல காலை நீட்டி உக்காந்து முட்டுக்கு அடியில தலையணை வச்சுக்கிட்டா, நீங்களே பாப்பாவைக் கொண்டுபோய்ப் பக்கத்துல விடலாம். கட்டிலோட இன்னொரு பக்கம் சுவரை ஒட்டி இருக்கணும். ஆச்சி துணி மடிக்கட்டும், பாப்பா பிரிக்கட்டும், அதுலயே கால் மணி நேரம் போயிரும்.