நான்கு அங்குலம் உயர்த்திய வண்டியில் ஸ்டியரிங்கை வலுப்படுத்துவது எப்படி? மேட்டில் ஏறினால் சக்கரம் தானாகத் திரும்புகிறது

கேள்வி:

வணக்கம். முன்பக்கம் ஒரே துண்டு அச்சும் காயில் ஸ்பிரிங்கும் கொண்ட என் நான்கு சக்கர இயக்க வண்டியை நான்கு அங்குலம் உயர்த்தி, 35 அங்குல டயர் போட்டிருக்கிறேன். உயர்த்தும் வேலையைச் செய்த பணிமனையில், ஸ்டியரிங் பாக்ஸின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் தண்டான டிராக் லிங்கின் சாய்வைக் குறைப்பதற்காகக் கீழ்நோக்கி வளைந்த பிட்மேன் ஆர்மை, அதாவது பாக்ஸிலிருந்து அந்தத் தண்டை அசைக்கும் கையை, பொருத்தினார்கள். அச்சு பக்கவாட்டில் விலகாதபடி அதை வண்டிச் சட்டத்தோடு பிடித்துவைக்கும் பேன்ஹார்டு ராடை மட்டும் பழைய இடத்திலேயே விட்டுவிட்டார்கள். அதன் பிறகு, சாலையில் சிறு மேட்டின் மீது ஏறினாலே ஸ்டியரிங் சக்கரம் கையை இழுத்துக்கொண்டு ஒரு பக்கம் திரும்புகிறது. எழுபது கிலோமீட்டர் வேகத்தில் பள்ளத்தில் இறங்கினால், வண்டியை ஏறக்குறைய நிறுத்தும்வரை முன் அச்சு முழுவதும் நிற்காமல் ஆடுகிறது. இரு முன்சக்கரங்களையும் ஒன்றாகத் திருப்பும் டை ராட், டிராக் லிங்கின் நடுவில் வந்து சேரும் வகை. தடித்த டை ராடும், ஆட்டத்தைத் தணிக்கும் ஸ்டியரிங் டேம்பர் இரண்டாவதாக ஒன்றும் வாங்கலாம் என்று எண்ணியிருக்கிறேன். இவை போதுமா, அல்லது எண்ணெய் அழுத்தச் சிலிண்டரால் திருப்ப உதவும் ஹைட்ராலிக் உதவி வரை போக வேண்டுமா?

பதில் 1:

வாங்குவதைச் சற்றுத் தள்ளிவையுங்கள். நீங்கள் சொல்வதில் இரண்டு தனித்தனிக் கோளாறுகள் இருக்கின்றன. இரண்டையும் தடித்த டை ராட் தீர்க்காது. டேம்பர் இரண்டாவது கோளாறை மறைத்துவைக்கும், அவ்வளவுதான். அது தேய்ந்த அன்று ஆட்டம் முன்பைவிட மோசமாகத் திரும்பி வரும்.

முதல் கோளாறு வடிவியல் சார்ந்தது. முன் அச்சு மேலும் கீழும் போகும்போது பேன்ஹார்டு ராட் அதை ஒரு வில் வழியாகப் பக்கவாட்டில் நகர்த்துகிறது. டிராக் லிங்கும் தன் வில்லில் நகர்கிறது. இரண்டும் ஏறத்தாழ ஒரே நீளமாகவும் ஒன்றுக்கொன்று இணையாகவும் இருந்தால், அச்சு நகரும் அளவுக்கே நக்கிளும் (அச்சின் முனையில் சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் பகுதி) நகரும், சக்கரம் திரும்பாது. உங்கள் வண்டியில் பிட்மேன் ஆர்மை மட்டும் கீழே இறக்கியதால் டிராக் லிங்க் படுத்துவிட்டது, பேன்ஹார்டு ராட் செங்குத்தான சாய்விலேயே நிற்கிறது. கோணமானி ஒன்றை வைத்து இரண்டின் சாய்வையும், வண்டி சமதரையில் தன் எடையில் நிற்கும்போது, அளந்து எழுதுங்கள்.

இரண்டாவது கோளாறு, அதாவது அச்சின் ஆட்டம், தளர்வு சார்ந்தது. அதைக் கண்டுபிடிக்க இன்னொருவரின் துணை வேண்டும். டயர்கள் தரையில் இருக்க, எஞ்சினை ஓடவிட்டு, அவர் ஸ்டியரிங்கை இருபுறமும் கால் சுற்று விரைவாகத் திருப்பட்டும். நீங்கள் கீழே படுத்து ஒவ்வொரு இணைப்பின் மீதும் விரலை வைத்துப் பாருங்கள். ஒரு பகுதி நகர்ந்து மறுபகுதி தாமதித்தால் அங்கே தளர்வு இருக்கிறது என்று பொருள். பேன்ஹார்டு ராடின் சட்டப்பக்கப் போல்ட்டை முதலில் பாருங்கள். ஆட்டத்துக்குக் காரணமாக நான் மிக அதிகமாகக் கண்டது அந்த இடம்தான். காஸ்டர் கோணத்தையும் (சக்கரம் திரும்பும் கோட்டின் மேல்முனை பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு) அளந்து சொல்லுங்கள்.

கேட்டவர்:

அளந்துவிட்டேன். டிராக் லிங்க் 9 டிகிரி, பேன்ஹார்டு ராட் 15 டிகிரி. காஸ்டர் இருபுறமும் ஏறத்தாழ இரண்டரை டிகிரி. சட்டப்பக்கத்துப் போல்ட் இறுகித்தான் இருந்தது. ஆனால் ஸ்டியரிங்கைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் போல்ட்டின் தலை பிராக்கெட்டின் மீது இலேசாக வழுக்குவது விரலுக்குத் தெரிந்தது. கழற்றிப் பார்த்தபோது, துளை வட்டமாக இல்லாமல் பக்கவாட்டில் நீண்டு முட்டை வடிவமாகியிருந்தது. அதன் விளிம்பு, துரு ஒட்டாமல் பளபளவென்று தேய்ந்திருந்தது.

பதில் 1:

துருவில்லாத அந்தப் பளபளப்பே போதுமான சான்று. உலோகம் அங்கே இடைவிடாமல் உராய்ந்திருக்கிறது. அந்த பிராக்கெட்டைப் பெரிய போல்ட் போட்டு இறுக்கிச் சமாளிக்காமல், துளையைச் சுற்றித் தடித்த தகடு வைத்து வெல்டிங் செய்து, போல்ட் இறுக்கமாக உட்காரும் அளவில் புதிதாகத் துளையிட வேண்டும்.

கோணங்களின் விளைவைக் கணக்கிட்டுக் காட்டுகிறேன். இரண்டு தண்டுகளும் 850 மில்லிமீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். அச்சு 50 மில்லிமீட்டர் மேலே எழும்போது, 15 டிகிரியில் நிற்கும் பேன்ஹார்டு ராட் அச்சை ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் பக்கவாட்டில் தள்ளுகிறது. 9 டிகிரியில் நிற்கும் டிராக் லிங்க்கோ நக்கிளை ஆறரை மில்லிமீட்டர் மட்டுமே போகவிடுகிறது. மீதி ஐந்தரை மில்லிமீட்டர், நக்கிளின் கை 150 மில்லிமீட்டர் என்றால், சக்கரத்தை இரண்டு டிகிரி திருப்பிவிடும். நேர்சாலையில் இரண்டு டிகிரி என்பது தடம் மாறுவதற்குப் போதுமான திருப்பம்.

ஆகவே இரண்டில் ஒரு வழியைத் தேர்ந்தெடுங்கள். பழைய பிட்மேன் ஆர்மைத் திரும்பப் போட்டு, நீளம் மாற்றக்கூடிய பேன்ஹார்டு ராடைப் பொருத்தி அச்சை மீண்டும் நடுவுக்குக் கொண்டுவருவது ஒன்று. உயர்த்திய வண்டியில் அச்சு ஒரு பக்கம் இழுபட்டே நிற்கும் என்பதால் அந்த ராட் எப்படியும் தேவைப்படும். டிராக் லிங்கை நக்கிளின் மேல்பக்கத்துக்கு மாற்றி, பேன்ஹார்டு ராடின் அச்சுப்பக்க முனையையும் அது டிராக் லிங்குக்கு இணையாகும் அளவு உயர்த்துவது மற்றொன்று. இது செலவும் உழைப்பும் கூடுதலானது என்றாலும் இரண்டு தண்டுகளும் படுத்துவிடும், பாறையில் இடிபடாது, உடல் சாய்வும் குறையும். முடியுமானால் இதைத்தான் செய்யச் சொல்வேன். ஒன்றை மட்டும் மாற்றி மற்றொன்றை விட்டுவிடுவதை எக்காரணத்தாலும் ஏற்காதீர்கள்.

பதில் 2:

மேலே சொன்னது எல்லாம் சரி. டை ராடைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். டிராக் லிங்கின் நடுவில் சேரும் டை ராட் உள்ள அமைப்பில், அச்சு ஏறி இறங்கும்போது டோ-இன் அளவே, அதாவது முன்சக்கரங்களின் முன்விளிம்புகள் உள்நோக்கி நெருங்கியிருக்கும் அளவே, மாறிக்கொண்டிருக்கும். உயர்த்திய வண்டியில் அது இன்னும் அதிகம். நக்கிளிலிருந்து நக்கிளுக்கு நேராகச் செல்லும் டை ராடுக்கு மாறினால் அந்தத் தொல்லை அடியோடு போய்விடும். தடித்த குழாய் வாங்குவதும் அப்போதுதான் பொருளுள்ளது. 25 மில்லிமீட்டர் திடத்தண்டுக்குப் பதிலாக 6 மில்லிமீட்டர் சுவருள்ள 38 மில்லிமீட்டர் குழாயைப் போட்டால், எடை ஏறத்தாழ கால் பங்குதான் கூடும், வளைவை எதிர்க்கும் விறைப்போ நான்கு மடங்காகும்.

காஸ்டரை ஐந்து முதல் ஆறு டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். அச்சை வண்டிச் சட்டத்தோடு முன்பின்னாக இணைக்கும் கீழ்க் கண்ட்ரோல் ஆர்மை நீட்டினால் அச்சின் அடிப்பகுதி முன்னே போய்க் காஸ்டர் கூடும். ஆனால் அச்சின் பினியன் மூக்கு கீழே இறங்கும், அதில் வந்து சேர்ந்து எஞ்சின் சக்தியைத் தரும் முன் புரொபெல்லர் ஷாஃப்டில் அதிர்வு வரலாம். அதிர்வு வந்தால் அரை டிகிரி விட்டுக்கொடுப்பதில் தவறில்லை.

கேட்டவர்:

மிக்க நன்றி. இரண்டாவது வழியையே தேர்ந்தெடுக்கிறேன், நக்கிளுக்கு நக்கிள் டை ராடுடன். ஹைட்ராலிக் உதவியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே?

பதில் 2:

பாறைகளுக்கிடையில் டயர் சிக்கி நின்றபடியே திருப்ப வேண்டிய தேவை உங்களுக்கு அடிக்கடி வருமானால் மட்டும் அது வேண்டும். அதற்கு ஸ்டியரிங் பாக்ஸின் இரு அறைகளிலும் துளையிட்டு எண்ணெய்க் குழாய் எடுக்க வேண்டும், பம்புக்குப் போதிய ஓட்டம் இருக்க வேண்டும். சிலிண்டர் தன் எல்லையை எட்டுவதற்கு முன்பே நக்கிளின் ஸ்டியரிங் நிறுத்தங்கள் தடுக்கும்படி சரிசெய்ய வேண்டும். இல்லாவிட்டால் முழுத் திருப்பத்தில் வரும் சுமையைச் சிலிண்டரும் டை ராடுமே தாங்கும். சுமை கூடுவதால் பாக்ஸ் பொருந்தியிருக்கும் சட்டப்பகுதியில் விரிசல் இருக்கிறதா என்று இப்போதே கழுவிப் பார்த்துவிடுங்கள். 35 அங்குல டயர் என்றாலே அங்கே ஒரு வலுத்தகடு தேவை.

கேட்டவர்:

பார்த்தேன், விரிசல் இல்லை. வலுத்தகடும் சேர்த்தே போடச் சொல்கிறேன். பொருத்தி முடித்தபின் இறுக்குவதில் கவனிக்க வேண்டியது ஏதும் உண்டா?

பதில் 1:

இரண்டு உண்டு. ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை வண்டி தன் எடையில் நிற்கும்போது மட்டுமே இறுதியாக இறுக்குங்கள். ஜாக்கில் தொங்கும்போது இறுக்கினால் புஷ் முறுக்கியபடியே கிழிந்துபோகும். டை ராட் முனைகளில், நட்டு கழலாமல் தடுக்கும் காட்டர் பின்னுக்கான துளை நட்டின் வெட்டுக்கு நேர்படாவிட்டால் நட்டை அடுத்த வெட்டுவரை முன்னோக்கி இறுக்குங்கள், ஒருபோதும் பின்னோக்கித் தளர்த்தாதீர்கள். டோ-இன் ஒன்றரை முதல் மூன்று மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். முதல் மண்சாலை ஓட்டத்துக்குப் பிறகு எல்லாவற்றையும் இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் வைத்து மீண்டும் ஒருமுறை பாருங்கள், ஜாம் நட்டுகளையும் சேர்த்து.